பின்பலகைக்கு அடியில் ஒரு சிலிண்டர்

படகில் தீயணைப்பு சிலிண்டரை எங்கே வைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. அதற்குத் தீர்ப்புச் சொன்னவள் நான். பெரம்பலூர்க்காரிக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் ஏரி நிறைந்தாலே அது செய்தி. நீச்சலும் தெரியாது. ஆனால் பேசத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கல்யாணமாகி, நான்கு வருடம் வீட்டுக்குள் இருந்தேன். வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் டீ, நடுவில் டிவி. தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இதற்கு மேல் தாங்காது என்று அழுது, சண்டை போட்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஏதாவது ஒண்ணுன்னா அன்னிக்கோட வேலைய விட்டு நின்னுடணும்." சரி என்றேன். வெளியே விட்டால் போதும் என்று இருந்தவள் எதற்குத்தான் சரி சொல்லமாட்டாள்?

தினமும் காலையில் பஸ். வழியெல்லாம் முன்னால் கல் லாரி, பின்னால் கல் லாரி. இறங்கும்போது தலையில் பவுடர் அடித்ததுபோல் இருக்கும். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

வேலையில் பாதி லேபுக்குள், மீதி பழைய மைன்ஸில். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தைத்தான் மைன்ஸ் என்போம். மழைத்தண்ணீர் சேர்ந்து அது ஒரு பெரிய குளமாகிக் கிடந்தது. சுற்றிலும் செங்குத்தாக வெட்டிய சுவர், அதில் எந்தக் காலத்துக் கடலின் கிளிஞ்சல்களோ ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏற ஒரே ஒரு சரிவுதான் உண்டு, முன்பு லாரி இறங்கிய பாதை. வாரத்தில் இரண்டு நாள் அந்தக் குளத்தின் நடுவுக்குப் போய், வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் பிடித்து வந்து சோதிக்க வேண்டும். அதற்காக ஒரு ஃபைபர் படகு. பின்னால் பெட்ரோல் மோட்டார், குறுக்கே மூன்று பலகை. கடைசிப் பலகையில் ஓட்டுபவர், நடுவில் பாட்டில் பெட்டி, முன்பலகையில் நான்.

ஓட்டுபவர் ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், காண்ட்ராக்ட் ஆள். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் முந்திரிக்காட்டில் கூலி. இவர் டிராக்டர், ஜேசிபி, மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் ஓட்டுவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னை மேடம் என்பார், நான் அண்ணே என்பேன். அந்த அண்ணேயில் மரியாதை இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சேஃப்டி ஆபீசில் இருந்து படகுக்கு ஒரு சிலிண்டர் வந்தது. சிவப்பு, குட்டி, கைக்குழந்தை கனம். கழுத்தில் ஒரு பின், அந்தப் பின்னை இழுத்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் சீல், சீலில் ஒரு அட்டை. மாதாமாதம் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து அட்டையில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. போன வருடம் பம்ப் ஷெட்டில் ஒருவர் விளையாட்டாகச் சீலை உடைத்துவிட்டு மூன்று முறை விளக்கக் கடிதம் எழுதினார் என்பதை அண்ணனிடம் நானே சொல்லி மிரட்டி வைத்தேன். அதனால் அவர் அதைச் சாமி செம்பைத் தொடுவதுபோல்தான் தொடுவார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார், சீலில் ஒட்டாமல் பார்த்து.

அவர் அதை வைத்த இடம் என் காலடி. முன்பலகைக்குக் கீழே சாக்கு போட்டுப் படுக்க வைத்திருந்தார். படகு அசையும்போதெல்லாம் அது உருண்டு வந்து என் கணுக்காலில் இடிக்கும். துப்பட்டா மாட்டும். நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குனிந்தால் முழங்காலில் படும். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, இதை எடுத்துப் பின்னாடி வைங்க."

"முன்னாடியே இருக்கட்டும்ங்க மேடம். மோட்டாரு, பெட்ரோலு எல்லாம் பின்னாடிதான கெடக்கு. தீ அங்கதான புடிக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தீ பிடிக்கற எடத்துல வைக்காம வேற எங்க வைப்பீங்க? கெணறு ஒரு பக்கம், வாளி ஒரு பக்கமா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஏதோ சொல்ல வந்தார். எனக்கு அவகாசம் கொடுக்கப் பிடிக்கவில்லை. "படிச்சவங்க சொன்னா ஒரு தடவையாவது கேளுங்கண்ணே" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்து சிலிண்டரைத் தூக்கினார். எடுத்துக்கொண்டு போய்ப் பின்பலகைக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்கும் மோட்டாருக்கும் இடையில் வைத்தார். "உருளாம கட்டிடுங்க" என்றேன். கட்டுக்கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கினார். நான் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சேஃப்டி ஆபீசர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் ஒருநாளும் அந்தப் படகில் ஏறியவர் இல்லை. என் காலுக்கு நிம்மதி வந்தது.

அதற்கு ஆறேழு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். நடுக்குளத்தில் மூன்றாவது பாட்டிலைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தேன். மோட்டார் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை வந்தது. எப்போதும் வருவதுதானே என்று திரும்பிப் பார்க்கவில்லை. "மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. திரும்பினால் அண்ணன் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் தீ. டேங்கில் இருந்து மோட்டாருக்குப் போகும் குழாயில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. அவர் எழுந்து நடுப்பலகைக்குத் தாவினார். படகில் சேரும் தண்ணீரை இறைக்கிற டப்பாவால் குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். பெட்ரோல் அந்தத் தண்ணீரின்மேல் ஏறிக்கொண்டு பலகையின் இந்தப் பக்கமும் வந்தது. இப்போது படகின் பின்பாதி முழுக்க நெருப்பு, முன்பாதியில் நாங்கள் இரண்டு பேர். சிலிண்டர் நெருப்புக்குள்.

"குதிச்சுடுங்க மேடம். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கீங்க, முழுக மாட்டீங்க. குதிங்க."

குதிக்க வேண்டியதுதான். ஜாக்கெட் மிதக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கை வரவில்லை. படகின் முன்விளிம்பைப் பிடித்த விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே பச்சையாக, அடி தெரியாமல் தண்ணீர். சுற்றிலும் அந்தச் சுவர். முன்னால் தண்ணீர், பின்னால் தீ, நடுவில் இரண்டு முழம் ஃபைபர். நான்கு வருடம் வீட்டுக்குள் மூச்சு முட்டியது என்றேனே, அதெல்லாம் மூச்சு முட்டலே இல்லை.

"குதிங்கம்மா" என்றார் மறுபடியும். முதல்முறையாக மேடம் போய் அம்மா வந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன், முடியாது என்று.

அவர் குதித்திருக்கலாம். கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்த ஆள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், தோளில் இருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து வலது கையில் சுற்றினார், பின்னால் போனார். குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டார். சிலிண்டர் வெளியே வரவில்லை. கம்பி. நான்கு சுற்று. அவர் அந்தத் தீக்குள் கையை வைத்துக்கொண்டு கம்பியின் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. துண்டில் இருந்து முதலில் ஆவி வந்தது, பிறகு புகை வந்தது.

சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு நடுப்பலகைக்கு வந்தார். பின்னில் விரலை வைத்தார். அப்புறம் அவர் செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சீலை ஒடைக்கட்டுங்களா மேடம்?"

"ஒடைங்க" என்று நான் சொன்ன பிறகுதான் உடைத்தார். வெள்ளைப் பவுடர் பீறிட்டது. நான்கு மூச்சு விடுவதற்குள் தீ அடங்கிவிட்டது.

மோட்டார் செத்துவிட்டது. துடுப்பு கிடையாது. அந்தப் பள்ளத்துக்குள் போன் எடுக்காது. யாராவது மேலே விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அண்ணன் வலது கையைப் படகுக்கு வெளியே விட்டுத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் இருந்து உள்ளங்கை வரைக்கும் தோல் வேறு நிறமாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வெயில் நேராக இறங்கியது. படகு தானாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னதைத்தான் எழுதக் கை கூசுகிறது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அங்கே வைக்கச் சொன்னது நான்தான், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லவில்லை. "அண்ணே, இது எங்க வூட்டுல தெரிஞ்சா என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க" என்றேன். கை வெந்தவரிடம் என் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்ங்க" என்றார்.

முக்கால் மணி நேரமோ என்னவோ கழித்து மேலே ஒரு டம்பர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, கருகிய படகைக் கண்டு கத்தினார். கயிறு வந்தது, ஆட்கள் வந்தார்கள், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நான் முகம் கழுவி, தலை வாரி, எப்போதும் ஏறும் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். இரவு தோசைக்குச் சட்னி அரைத்தேன்.

நான்காம் நாள் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டார். ஏசி அறை, கண்ணாடிக் கதவு. மேஜைமேல் அறிக்கை தயாராக இருந்தது. விபத்தின் தீவிரத்துக்குக் காரணம், ஓட்டுநர் தீயணைப்பு சிலிண்டரை அனுமதியின்றித் தவறான இடத்தில் வைத்தது என்று எழுதியிருந்தார். அதனால் அண்ணனுடைய கேட் பாஸ் நிறுத்தம். கேட் பாஸ் இல்லையென்றால் காண்ட்ராக்ட் ஆளுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

"சார், அந்தப் படம் நான் குழுவுல போட்டிருந்தேனே, நீங்ககூடப் பார்த்து..."

"எந்தப் படம்?"

போனை எடுத்துத் தேடினேன். என் படம் இருந்த இடத்தில், நிர்வாகி இதை நீக்கிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நான் பழைய போனை மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது, என்னிடமும் படம் இல்லை. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீங்க வெறும் சாட்சிதான் மேடம். இதுல உங்க பேர் வர்ற மாதிரி நான் எழுதலை. எழுதணும்னா எழுதலாம். அப்பறம் விசாரணை, வூட்டுக்கு லெட்டர்னு எல்லாம் போகும்." குரலை உயர்த்தவே இல்லை, டீ சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார்.

கையெழுத்துப் போட்டேன். பேனாவில் மை வராமல் உதறி உதறிப் போட்டேன்.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. லேபில் இருந்தால் அறை சுருங்குகிறது, வீட்டில் இருந்தால் வீடு சுருங்குகிறது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் அதே கதை. சட்டியில் எண்ணெய் காய்ந்தால் தள்ளி நிற்பேன். என்னம்மா உடம்பு சரியில்லையா என்று மாமியார் கேட்டார், வெயில் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவருக்கு வளைகாப்பு என்று பொய் சொல்லிவிட்டு ஆண்டிமடம் பஸ் ஏறினேன். ஆப்பிளும் சாத்துக்குடியும் ஒரு ரொட்டி பாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம்.

முந்திரிக்காட்டை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உள்ளே அவருடைய மனைவி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார், விரலெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க மேடம். உள்ள வந்து உக்காருங்க. நீங்க கூட இருந்தீங்களாமே, அதுவே எங்களுக்குப் பெரிய தைரியம்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "காபி குடிப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி காபியைப் பற்றியது இல்லை என்பது எங்கள் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். குடிப்பேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கடவுளாப் பார்த்துதான் உங்கள அனுப்பியிருக்கு. இந்த மனுசன் கையால இப்ப எழுத முடியாது, எனக்கு அவ்வளவா எழுத்து வராது. கம்பெனிக்கு ஒரு மனு எழுதித் தரணும், கேட் பாஸ் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. கம்ப்யூட்டர் சென்டர்ல எழுதித் தரேங்கறாங்க. ஆனா நடந்ததக் கண்ணால பார்த்தவங்க எழுதுனா நல்லா இருக்குமில்ல."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தேன். அனுப்புநர் என்று அண்ணன் பெயர், பிறகு பெறுநர், ஐயா, வணக்கம் என்று எழுதினேன். கை தானாக எழுதியது.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சிலிண்டரை நான் தெரியாத்தனமா தப்பான எடத்துல வெச்சுட்டேன். இனிமே அப்படி நடக்காது. குடும்பக் கஷ்டத்தப் பார்த்து மன்னிச்சு மறுபடி வேல தரணும். இப்படி எழுதிடுங்க மேடம், போதும்."

நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன் என்று படகில் சொன்னாரே, அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

'நான்' என்று எழுதினேன். மேலே ஓடவில்லை. அந்த 'நான்' யார் என்று தாளைப் பார்த்தபடி இருந்தேன். அவருடைய மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தார். எழுந்து போய்விடலாம் என்றால் வாசலில் அண்ணன், கதவருகில் அவர். பிறகு எழுதினேன். சிலிண்டர் முதலில் முன்பலகைக்குக் கீழே இருந்தது, அதைப் பின்னால் மாற்றச் சொன்னவள் நான், ஓட்டுநர் வேண்டாம் என்றார், கம்பியால் கட்டச் சொன்னதும் நான், அவர் குதித்துத் தப்பித்திருக்கலாம், நான் குதிக்கப் பயந்ததால் அவர் தீக்குள் கையை விட்டார், முன்பு நான் கையெழுத்திட்ட அறிக்கை உண்மை அல்ல. அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேஃப்டி ஆபீசர் அந்தத் தாளை வாங்க மறுத்தார். நான் அவருக்கு மேலே இருப்பவரின் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு லெட்டர் வந்தது. கணவர் பத்து நாள் பேசவில்லை, அப்புறம் நிறையப் பேசினார், நான் வேலையை விடவில்லை. என்னைப் படகில் இருந்து எடுத்து ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் அறையில் போட்டார்கள். அண்ணனுக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவருடைய வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. இதில் எதுவும் என்னை அவ்வளவாக வருத்தவில்லை.

வருத்துவது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். எழுதி முடித்ததும் அவருடைய மனைவி, "ஒருக்கா படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? எழுதியாச்சு இல்ல, மடிச்சுக் குடுங்க" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. தலையைத் தூக்காமல் கடைசி வரைக்கும் படித்தேன். முடித்ததும் அவருடைய மனைவி என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வாரமா தெனம் மருந்து போடறப்ப, புத்தியிருக்கா, அத ஏன்யா கொண்டுபோய் அங்க வெச்சன்னு திட்டிக்கிட்டேதான் போட்டேன்" என்றார். "நேத்துக்கூடத் திட்டுனேன். அது ஒரு வார்த்த சொல்லல." அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "நீயாவது வந்து சொல்லியிருக்கலாமே."